பூச்சு வேலைக்கு முன் எனக்கு ஒரு நாள் வேண்டும்

“அக்கா, திங்கட்கிழமை பூச்சு ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் வந்து ஸ்பீக்கர் வயரை மட்டும் போட்டுவிட்டுப் போங்கள்.”

மாதத்தில் இரண்டு முறையாவது இப்படி ஓர் அழைப்பு வரும். செம்மண்டலத்திலிருந்து வரலாம், வில்லியனூரிலிருந்தும் வரலாம். அந்த ‘மட்டும்’ காதில் விழுந்ததுமே நிலவரம் புரிந்துவிடும். சுவர் முழுக்க முக்கால் அங்குலக் குழாய் பதித்தாகிவிட்டது. அதற்குள் ஃபேனுக்கும் விளக்குக்கும் வயர் ஓடுகிறது. அந்த நெரிசலில் என்னையும் ஏறிக்கொள்ளச் சொல்கிறார்கள், தீபாவளிக்கு முதல் நாள் பஸ்ஸில் ஏற்றுவதுபோல.

கடலூர் முதுநகரில் என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மைக் வயர் சுருட்டுவது என் வேலை. ஒரு சுற்று உள்பக்கமாக, அடுத்த சுற்று வெளிப்பக்கமாக. அப்படிச் சுருட்டினால் மறுநாள் வீசி எறியும்போது முறுக்கில்லாமல் நேராக ஓடும். முழங்கையில் சுற்றினால் அப்பாவுக்குக் கோபம் வரும். உள்ளே இருக்கும் இழைகள் முறுகி, ஆறு மாதத்தில் ஏதோ ஓர் இடத்தில் அறுந்துவிடும் என்பார். இப்போது நான் வீடுகளுக்கும் மண்டபங்களுக்கும் வயர் போடுகிறேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார், எலக்ட்ரீசியன் வருகிறாரா என்று. வரமாட்டார், நான்தான்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும், இருக்கும் வீட்டில் நல்ல ஒலியமைப்பு வைக்க நினைக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. இங்கே வயர் நடுவில் கெட்டு நான் பார்த்தது குறைவு. முனையில்தான் கெடுகிறது. அதனால் செலவை முதலில் குழாய்க்கும், அடுத்து முனைகளுக்கும், பிறகு வயரின் தடிமனுக்கும் ஒதுக்குங்கள். தங்க முலாம், வெல்வெட் பெட்டி, உறைமேல் அச்சிட்ட வெளிநாட்டுப் பெயர் ஆகியவற்றுக்கு மிச்சம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இதுவரை மிச்சம் இருந்ததில்லை.

குழாய்

டிவிக்குப் படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ வயரின் தலையை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். டிவிக்குள் நுழையும் உலோகப் பகுதி மட்டும் ஏறக்குறைய 14 மி.மீ. அகலம். அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பிடியையும் சேர்த்தால் 20 மி.மீ.யைத் தாண்டிவிடும். முக்கால் அங்குலக் குழாயின் உள்வாய் அதைவிடச் சிறியது. ஓர் அங்குலக் குழாயில் நேர்பாதையில் போகும். வளைவில் போய் நின்றுகொள்ளும். கடையில் வாங்கிய எச்டிஎம்ஐ வயரின் தலையை வெட்டிவிட்டு மறுபடி பொருத்த முடியாது. 19 ஊசிகள், ஒவ்வொன்றும் தலைமுடி கனத்தில். ஒருவர் வெட்டி, குழாயில் நுழைத்து முடித்துவிட்டு, “இதை ஒட்டிக் கொடுங்கள்” என்று என்னிடம் நீட்டியிருக்கிறார்.

ஆகவே டிவி மாட்டும் இடத்திலிருந்து ஆம்ப்ளிஃபையர் வைக்கும் அலமாரி வரை 40 மி.மீ. குழாய் போடச் சொல்லுங்கள். புரொஜெக்டர் வைக்கும் எண்ணம் இருந்தால் கூரைக்கும் அதே அளவு. ஸ்பீக்கர்களுக்கு 25 மி.மீ. போதும். திருப்பங்களில் எல்போ வேண்டாம், நீள வளைவுள்ள பென்ட் வேண்டும். வயர் வெளியே வரும் சுவர்ப் பெட்டிகள் இரண்டுக்கு நடுவில் இரண்டு திருப்பத்துக்கு மேல் இருந்தால் இடையில் இன்னொரு பெட்டி வையுங்கள். மின்சார வயர் போகும் குழாய்க்கும் இதற்கும் ஓர் அடி இடைவெளி இருக்கட்டும். எங்காவது இரண்டும் சந்தித்தே ஆக வேண்டுமென்றால் சிலுவைபோலக் குறுக்கே வெட்டிப் போகட்டும். தோளோடு தோள் உரசி நீண்ட தூரம் நடக்கக் கூடாது.

பெட்டிகளைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைப்பது? படத்தில் பார்க்க அழகாக இருக்கிறதென்று முக்கால் அடி உயரத்தில் வைக்கச் சொல்கிறார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழைக்குப் பிறகு தென்பெண்ணை பெருகிக் கடலூரில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தத் தெருக்களில் இருப்பவர்கள் மூன்று அடிக்குக் கீழே எந்தப் பெட்டியும் வைக்க வேண்டாம். தரைக்கு அடியில் குழாய் பதிப்பதும் வேண்டாம். தண்ணீர் வீட்டைவிட்டு இரண்டு நாளில் போய்விடும், குழாயைவிட்டு மாதக்கணக்கில் போகாது.

குழாய் பதித்த அன்றே இரண்டு வேலைகளை நீங்களே செய்துவிடுங்கள். முதலாவது, பிறகு வயரை இழுப்பதற்காக ஒவ்வொரு குழாயிலும் ஒரு நைலான் கயிறு நுழைத்து இரு முனையிலும் கட்டுங்கள். கட்டுக்கம்பி விடுவது வழக்கம். இந்த ஊர்க் காற்றில் அது துருப்பிடித்து, ஓராண்டு கழித்து இழுக்கும்போது பாதியில் அறும். குழாய் வாயைச் செய்தித்தாளால் அடைத்து மேலே டேப் ஒட்டுங்கள். கொத்தனாரின் கலவைக்குத் திறந்த வாய் எங்கே இருக்கிறதென்று நன்றாகத் தெரியும். இரண்டாவது, அளவு டேப்பைச் சுவரில் விரித்துவைத்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். மூன்று ஆண்டு கழித்துப் புகைப்படம் மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் தேவைப்படும்.

இந்தக் கயிற்றைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்கு என் சொந்த அவமானம் ஒன்று காரணம். லாஸ்பேட்டையில் ஒரு மாடி வீடு, புரொஜெக்டருக்கு 15 மீட்டர். 4கே படம் நொடிக்கு 60 பிரேம் போக நொடிக்கு 18 ஜிகாபிட் வேகம் வேண்டும். சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐ வயர் ஐந்து மீட்டர் வரை அதைத் தாங்கும். அதற்கு மேல் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அல்லது திரை திடீரென்று கறுத்துப் போய்த் திரும்ப வரும். நீண்ட தூரத்துக்கு உள்ளே ஒளியிழை ஓடும் எச்டிஎம்ஐ வயர்தான் சரி. அதைத்தான் வாங்கியிருந்தேன். அந்த வயருக்குத் திசை உண்டு. ஒரு தலையில் ‘சோர்ஸ்’ என்றும் மறு தலையில் ‘டிஸ்ப்ளே’ என்றும் எழுதியிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் என் உதவியாளரும் அழகாக இழுத்து முடித்தோம். மாலையில் புரொஜெக்டரைப் போட்டால் நீலத் திரை. ஏணியில் ஏறித் தலையைப் பார்த்தேன், ‘சோர்ஸ்’ என்று சிரித்துக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஒரு கயிறும் விட்டிருந்ததால் அன்றிரவே உருவித் திருப்பிப் போட முடிந்தது. இல்லாவிட்டால் அந்த வீட்டுக் கூரையை உடைத்துவிட்டு நான் ஊர் மாறியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் குழாயில் நுழைக்கும் முன் தரையில் விரித்து, இரு பக்கமும் செருகி, படம் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இழுக்கிறேன்.

எச்டிஎம்ஐ போகும் குழாயில் கேட் 6 எனும் நெட்வொர்க் வயர் இரண்டும் சேர்த்து விடுங்கள். ஒன்று இணையத்துக்கு, இன்னொன்று நாளை எது வந்தாலும் அதற்கு. 100 மீட்டர் வரை கவலை இல்லை. முனை கட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. பச்சைக்கு நடுவில் நீல ஜோடி புகுந்திருப்பதைப் பார்த்துப் பலர் தப்பென்று நினைத்துத் ‘திருத்தி’விடுகிறார்கள். திருத்த வேண்டாம், அது அப்படித்தான்.

ஸ்பீக்கர் வயர்

கடையில் போய் ஸ்பீக்கர் வயர் கேட்டால் 14/76, 23/76, 40/76 என்று சொல்வார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. இரண்டாவது எண் ஒவ்வோர் இழையின் விட்டம், 0.0076 அங்குலம். கணக்குப் போட்டால் 40/76 என்பது சுமார் 1.17 சதுர மி.மீ., 23/76 என்பது 0.67 சதுர மி.மீ. இந்த எண்ணைப் பாருங்கள், உறையின் பருமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். கட்டைவிரல் கனத்தில் ஒளி ஊடுருவும் உறை, உள்ளே பத்துப் பதினைந்து இழை இருக்கும் வயர்களை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு தடிமன் வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இது: போய்த் திரும்பும் வயரின் மொத்த மின்தடை, ஸ்பீக்கரின் ஓம் மதிப்பில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 0.4 ஓம். 4 ஓம் என்றால் 0.2 ஓம்.

14 அடிக்கு 18 அடி கூடம் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்க ஸ்பீக்கருக்கு 18 அடி வயர் போதும் என்று நினைத்துத்தான் எல்லோரும் வாங்கி வருகிறார்கள். வயர் காகம்போலப் பறந்து போவதில்லை. ஆம்ப்ளிஃபையரிலிருந்து கூரைக்கு 8 அடி ஏறி, பாதி அகலம் 7 அடி நடந்து, நீளம் 18 அடி போய், ஸ்பீக்கர் உயரத்துக்கு 4 அடி இறங்க வேண்டும். ஆயிற்று 37. இரண்டு முனையிலும் மூன்று அடி மிச்சம் விட்டால் 43 அடி, அதாவது 13 மீட்டர். இந்தத் தூரத்துக்கு 40/76 போட்டால் மின்தடை 0.38 ஓம் வருகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு மூக்கைத் தொட்டுக்கொண்டு தேறும். 23/76 போட்டால் 0.67, தேறாது. 2.5 சதுர மி.மீ. போட்டால் 0.18, அதனால் 4 ஓம் ஸ்பீக்கரையும் மாட்டலாம். சுவருக்குள் போவதற்கு நான் 2.5 போடுவதன் காரணம் இதுதான். இன்றைக்கு 8 ஓம் வாங்கியவர் நாளைக்கு 4 ஓம் வாங்க மாட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும்?

அடுத்தது, செம்பா என்று பார்ப்பது. அலுமினிய இழைக்கு மேல் செம்பு பூசி விற்கிறார்கள். உறைமேல் அதை எழுதுவதும் உண்டு, எழுதாமல் விடுவதும் உண்டு. திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஒரு காயில் வாங்கி வந்து, பாதி வீடு போட்ட பிறகு கண்டுபிடித்து, சொந்தக் காசில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அதிலிருந்து கடை வாசலிலேயே சோதிக்கிறேன். ஓர் இழையைப் பிரித்து, பேனாக்கத்தியின் முனையால் லேசாகச் சுரண்டுங்கள். செம்பென்றால் சுரண்டச் சுரண்டச் சிவப்புத்தான். பூச்சென்றால் அடியில் வெள்ளி நிறம் தெரியும். சந்தேகம் இருந்தால் லைட்டரில் இழையின் நுனியைக் காட்டுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகி நுனியில் குண்டுமணியாகத் திரளும் அல்லது தொங்கி ஒடியும். செம்பு சிவந்து கறுக்கும், அவ்வளவுதான். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பார் அப்பா. செம்பு அலுமினியத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனம். பூச்சு வயருக்கு மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முனையில் செம்புப் பூச்சு சிராய்ந்த இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துவிடும், அதைத்தான் பொறுக்க முடியாது.

மாட்டும்போது கூட்டலும் கழித்தலும் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மாறிவிட்டால் ஒலி வரும், ஆனால் அடித்தொனி இருக்காது. பாடகர் நடுவில் நின்று பாடாமல் அறை முழுக்கக் கரைந்துபோவார். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆம்ப்ளிஃபையரிலிருந்து வயரைக் கழற்றி, அந்த முனையில் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுங்கள். பெரிய ஸ்பீக்கரின் கூம்பில் உதவியாளர் விரல் நுனியை வைத்திருக்கட்டும். பேட்டரியின் கூட்டல் வயரின் கூட்டலைத் தொடும்போது கூம்பு ‘டப்’ என்று வெளியே வர வேண்டும். உள்ளே போனால் மறுமுனை மாறியிருக்கிறது. தொட்டுத் தொட்டு எடுங்கள், அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

முனை

ஆர்சிஏ பின் ஒன்றோ, மைக் பிளக் ஒன்றோ கட்டுவதைப் பார்ப்போம். அப்பாவின் மேசையில் 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்று எப்போதும் சூடாக இருக்கும். பக்கத்தில் ஈரப் பஞ்சு. 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த ஈயக் கம்பி, நடுவில் பிசின் ஓடுவது. தகர வேலைக்காரர்கள் தடவும் அமிலத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர விடமாட்டார். அமிலம் வைத்துப் பற்றவைத்தால் ஒரே மாதத்தில் செம்பில் களிம்பு ஏறும் என்பார்.

உறையை எட்டு மி.மீ. மட்டும் உரியுங்கள். பல்லால் கடித்து உரித்தால் நான்கைந்து இழை பல்லோடு போய்விடும், இழைகள் குறைந்த வயரில் அது பெரிய நட்டம். இழைகளை உறைக்குள் அவை முறுகியிருந்த திசையிலேயே முறுக்குங்கள். பிளக்கின் மூடியை முதலில் வயரில் கோர்த்துவிடுங்கள்; இதை மறந்து, அழகாகப் பற்றவைத்துவிட்டு, மூடி மேசைமேல் கிடப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத மைக் செட்காரர் யாரும் இல்லை. சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவையும் இப்போதே கோர்த்துத் தள்ளி வையுங்கள்.

அயர்ன் முனையை ஈரப் பஞ்சில் ஒரு முறை துடைத்து, வயரும் பின்னும் சேரும் இடத்தில் வைத்து, இரண்டு மூன்று நொடி பொறுங்கள். ஈயத்தை அயர்னில் வைக்காதீர்கள். சூடான உலோகத்தில் வைத்தால் அதுவே இளகி, இழைகளுக்கு நடுவில் தண்ணீர் துணியில் ஊறுவதுபோல ஊறிப் போகும். அயர்னை எடுத்துவிட்டு மூச்சுக்கூட விடாமல் அசையாமல் பிடியுங்கள். ஆறியதும் கண்ணாடிபோல மினுங்க வேண்டும். சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருந்தால் அது டிரை சால்டர். இன்று பாடும், ஐப்பசி மழையில் கரகரக்கும், மார்கழியில் நின்றுவிடும். அதை மறுபடி சூடாக்கிச் சரிசெய்யுங்கள். வேலை முடிந்து கை கழுவாமல் காபி டம்ளரைத் தொட வேண்டாம், அது ஈயம்.

ஒன்று முக்கியம். திருகு வைத்து இறுக்கும் இடங்களில் ஈயம் வைத்த முனையைச் செருகக் கூடாது. ஈயம் மென்மையானது. திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நகர்ந்து, சில மாதங்களில் இறுக்கம் தளர்ந்துவிடும். அங்கே வெறும் செம்பு இழைகளின்மேல் ஊசி வடிவ உலோக லக் போட்டு அழுத்தி இறுக்குங்கள். கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடு என்றால், தேவனாம்பட்டினம்போல, ஒவ்வோர் இழையிலும் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆண்டுக்கு ஒரு முறை எல்லா முனைகளையும் உருவித் துடைத்து மறுபடி செருகுங்கள்.

மொட்டை மாடி

டிஷ் ஆன்டெனாவிலிருந்து வரும் ஆர்ஜி 6 வயரில் உப்புக்கு மிகவும் பிடித்த இடம், ஆன்டெனாவின் மூக்கில் திருகும் முனை. “அக்கா, பாதி சானல் வருகிறது, பாதி வரவில்லை” என்று சொன்னால் நான் டிவியைப் பார்க்கவே உள்ளே போவதில்லை, நேராக மாடிக்குப் போகிறேன். செட் டாப் பாக்ஸ் அந்த வயரின் வழியாகவே மேலே மின்சாரம் அனுப்புகிறது. ஒருவகைச் சானல்களுக்கு 13 வோல்ட், இன்னொரு வகைக்கு 18 வோல்ட். முனையில் களிம்பு ஏறினால் 18 என்று புறப்பட்டது வழியிலேயே சோர்ந்து போகும். மேலே உள்ள கருவி அதை 13 என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பாதிச் சானல்கள் காணாமல் போகும்.

முனையை வெட்டி எறிந்து புதிதாகக் கட்டி, மேலே தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும், ஓடு வேய்வதுபோல. மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் மழையை உள்ளே அழைக்கும். சாதாரணக் கறுப்பு டேப் ஒரு கோடையில் பசை உருகி அவிழ்ந்துவிடும். வயர் வீட்டுக்குள் நுழையும் துளைக்கு முன் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலேற்றி நுழையுங்கள். தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. அதற்கடுத்த மாதம் முழுக்க நான் மாடி மாடியாக ஏறினேன். பறந்துபோன டிஷ்கள் பறந்துபோயின. நின்றவற்றில் ரப்பர் டேப் சுற்றிய முனைகள் உள்ளே புதுச் செம்பாகவே இருந்தன.

இரைச்சல்

முதலியார்பேட்டையில் ஒரு வீடு. ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம். கடைக்காரர் இரண்டு முறை பெட்டியை மாற்றிக் கொடுத்துவிட்டார். யாரோ வந்து பிளக்கின் எர்த் முனையை வெட்டியிருக்கிறார். இரைச்சல் நின்றது, ஆனால் பெட்டியைத் தொட்டால் கையில் சுருக்கென்று இழுத்தது. தயவுசெய்து எர்த்தில் கைவைக்காதீர்கள். இரைச்சல் யாரையும் கொன்றதில்லை.

கண்டுபிடிக்கும் முறை எளிது. ஆம்ப்ளிஃபையரில் ஸ்பீக்கரைத் தவிர எல்லா வயரையும் உருவிவிடுங்கள். அமைதியாக இருந்தால் பெட்டியில் குற்றம் இல்லை. ஒவ்வொன்றாகச் செருகுங்கள். அந்த வீட்டில் டிவியின் ஆடியோ வயரைச் செருகியதும் ரீங்காரம் வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, டிவிக்கு வரும் கேபிள் வயரை உருவினேன். நின்றது. கேபிள் வயர் தெருக்கம்பத்தில் ஓர் எர்த்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. வீட்டுக்கு வேறோர் எர்த் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள சின்ன வோல்ட் வித்தியாசம் ஆடியோ வயரின் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி வலைப்பின்னல் வழியாக ஓடுகிறது, அதைத்தான் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமாகக் கேட்கிறோம். டிவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் ஆப்டிகல் வயர் போட்டேன். அதில் போவது ஒளி. ஒளிக்கு எர்த் கிடையாது. வேலை முடிந்தது. வெட்டிய பிளக்கையும் மாற்றினேன்.

மின்வெட்டின்போது மட்டும் ‘கர்ர்’ என்று வந்தால் இன்வெர்ட்டரைச் சந்தேகியுங்கள். சதுர அலை இன்வெர்ட்டர் ஃபேனை ஓட்டும், இசைக்கு ஆகாது. சைன் அலை வேண்டும். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால், ஒலி வயர் மின்வயரோடு ஒரே குழாயில் போகிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து மேலே குழாய் பற்றிச் சொன்ன இடத்திலேயே இருக்கிறது, ஆனால் பூச்சு முடிந்துவிட்டிருக்கும்.

மண்டபத்திலும் பழைய வீட்டிலும்

மேடை மைக்குக்கு மூன்று முள் எக்ஸ்எல்ஆர் பிளக்தான் போட வேண்டும். முதல் முள் வலைப்பின்னல், இரண்டாவது கூட்டல், மூன்றாவது கழித்தல். குரல் இரண்டு வயர்களில் ஒன்றுக்கொன்று தலைகீழாகப் போகிறது. சீரியல் விளக்கின் இரைச்சலோ இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுகிறது. மிக்சர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் தீர்ந்து குரல் மிஞ்சுகிறது. வலைப்பின்னலை மூன்றாம் முள்ளோடு சேர்த்துப் பற்றவைத்து இந்தக் கணக்கையே கெடுத்துவைத்திருக்கும் வயர்களை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

பள்ளி மைதானம், நீண்ட தெரு என்று 200 மீட்டர் தூரம் போக வேண்டுமானால் 100 வோல்ட் லைன் போடுங்கள். 40/76 வயர் அந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய 6 ஓம் தடை தரும். 8 ஓம் ஸ்பீக்கரை நேராக மாட்டினால் சக்தியில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் வயரைச் சூடாக்கவே போய்விடும். 100 வாட் சக்தியை 100 வோல்ட்டில் அனுப்பினால் ஓர் ஆம்பியர்தான் ஓடுகிறது. வயரில் போவது ஆறு சதவீதம்கூட இல்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டும். எல்லாவற்றின் வாட்டையும் கூட்டினால் ஆம்ப்ளிஃபையரின் வாட்டில் எண்பது சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். பாட்டு ஓடும்போது அந்த இணைப்புகளில் கைவைக்காதீர்கள், அது விளையாட்டு மின்சாரம் அல்ல. இரவு 10 மணிக்கு நிறுத்திவிடுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் காலை 6 மணி வரை அனுமதிப்பதில்லை.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் நான் சொன்ன குழாய்க் கதை எதுவும் நடக்காது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் வெட்டுக் கருவியை வைத்தால் ஒரு கோடு கேட்டதற்கு ஒரு பாளமே பெயர்ந்து வரும். மெட்ராஸ் ஒட்டுக் கூரையில் செங்கற்கள் குத்துவாக்கில் சுண்ணாம்புக் கலவையில் நிற்கின்றன, அங்கே துளையிடும் எண்ணமே வேண்டாம். தேக்கு உத்திரத்தின் மேல்விளிம்பை ஒட்டித் தட்டையான ஸ்பீக்கர் வயரைக் கொண்டுபோய், உத்திரத்தின் நிறத்திலேயே கேசிங் பட்டை போட்டு மூடுங்கள். மரத்தில் சின்னத் திருகாணி போதும். கண்ணாடி மாட்டிக்கொண்டு தேடினால்தான் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் பெயர் எழுதுங்கள். ‘முன் இடது’, ‘பின் வலது’, ‘மாடி டிஷ்’ என்று தாளில் எழுதி, வயரில் சுற்றி, மேலே நிறமற்ற ஸ்லீவைச் சுருக்கிவிட்டால் அழியாது. சுவர்களின் படங்களை வீட்டில் இரண்டு பேர் அலைபேசியில் வைத்திருக்கட்டும். இழுத்து முடித்த குழாயில் நைலான் கயிறு வயரோடு வெளியே வந்திருக்கும். அதனால் வயரோடு சேர்த்தே புதுக் கயிறு ஒன்றையும் உள்ளே இழுத்துவிட்டு, இரு முனையிலும் முடிச்சுப் போட்டுவிட்டுப் பெட்டியின் மூடியைத் திருகுங்கள்.